செதிலோடு சுட்ட மீன்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு சுப்புராஜ் உள்ளே வந்தபோது, வீரலட்சுமி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பிழிந்த சேலையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

முன்வாசல் வழியாக வராமல் பின்சந்து வழியாக வந்திருக்கிறார். அந்த மட்டுக்காவது விவரம் இருக்கிறதே என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம் யாராவது பார்த்திருப்பார்களோ என்று கேட்டது.

நேற்று சாயங்காலம் பஜார் ரோட்டில், அவள் சுக்குப் புடைக்கிற சரக்குக் கிட்டங்கி வாசலில் வைத்து, எட்டு வருஷத்துக்குப் பிறகு புருஷனைப் பார்த்தாள். "செல்விக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன். நாளைக்கு வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகட்டா?" என்று கேட்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த சுக்குத் தூசியைத் தட்டிவிட்டு நடந்துவிட்டாள். மகளிடமும் மூச்சுவிடவில்லை.

பேசாமல் வந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

தலை பாதி நரைத்திருந்தது. தோளில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதைத் துவைக்கிற கல்லில் இறக்கி வைத்தார்.

"ஐஸ் இன்னும் கரையல. கப்பல் வில்லிங்டன் தீவுல வந்து நின்னதும் முதல் வேலையா ஐஸ் மாத்திட்டேன். உங்களுக்கு ஒரு மீன் கொண்டாந்திருக்கேன்."

"மீன் கிடைக்காத ஊரா இது?"

"இந்த மீன் கிடைக்காது."

மூடியைத் திறந்தார். வீரலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனாள்.

முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். மயில் கழுத்து நிறம். ஒவ்வொரு செதிலும் ஒரு ரூபாய்க் காசு அகலம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் கிளி மூக்கு மாதிரி இரண்டு கட்டிப் பற்கள் முன்னால் துருத்திக்கொண்டிருந்தன. சுரண்டையிலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருஷமாக மட்டாஞ்சேரியில் மீன் வாங்குகிறாள். இப்படி ஒன்றை எந்தக் கூடையிலும் பார்த்ததில்லை.

"என்ன மீன் இது?"

"கிளிமீன்."

"கிளிமீன் சிவப்பால்லா இருக்கும்? வாரா வாரம் வாங்குதேன், எனக்குத் தெரியாதா?"

"இங்க கிளிமீன்னு விக்கிறது வேற. இது கவரத்தித் தீவுல, பவளப் பாறையைக் கொத்தித் தின்னுற மீன். பாறையையே கடிச்சுப் பொடியாக்கிரும்."

"வெசமா இருந்தா?"

"எட்டு வருஷமாத் தின்னுட்டுத்தானே இருக்கேன்."

பெட்டியை மூடிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். எங்கே இருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொத்தனார். தீவில் பள்ளிக்கூடம் கட்டப் போனவர்களோடு போயிருக்கிறார். கப்பல் ஏறினால் ஒரு ராத்திரிப் பயணம். அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்.

"இங்க பாருங்க," என்றாள் வீரலட்சுமி. குரலைக் கறாராக வைத்துக்கொண்டாள். "செல்வி கலூர்ல ஜவுளிக் கடையில வேலை பாக்கா. இன்னைக்கு அரை நாள். ரெண்டு மணிக்கு வந்திருவா. நாலு மணிக்குச் சம்பந்தியம்மா ஏலூர்ல இருந்து முகூர்த்தச் சேலையைக் காட்ட வாராக. பன்னெண்டு மணிக்கெல்லாம் நீங்க கிளம்பிரணும்."

"சுட்டு வச்சிட்டுப் போயிருதேன்."

"குழம்பு வச்சாச் சட்டுனு முடியும்."

"குழம்புல போட்டாக் கரைஞ்சு போவும். இதைச் சுட்டுத்தான் தின்னணும்."

அவள் பதில் சொல்வதற்குள், சுவரோரம் கிடந்த செங்கற்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு வரிசை. கல்லைக் கல்லோடு தட்டிப் பார்த்து மட்டம் சரிபண்ணினார். நாலு துண்டுக் கம்பியைக் குறுக்கே போட்டார். அடியில் தேங்காய்ச் சிரட்டைகளை உடைத்துப் போட்டுப் பற்றவைத்தார். வீரலட்சுமி தடுக்கவில்லை. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழ் போட்டாள்.

அரிவாள்மணையை எடுத்து வந்து அவள் செதில் சுரண்டப் போனாள்.

"ஐயையோ, செதிலைத் தொடாதே! செதிலோடதான் சுடணும்."

"செதிலோடயா? யாரு திம்பா?"

"திங்கிறதுக்கில்ல. அது உள்ள சதை கருகாமப் பாத்துக்கும். வெந்ததும் ஓடு மாதிரி மொத்தமாக் கழன்று வரும்."

வயிற்றை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கீறினார். இரண்டு விரலை உள்ளே விட்டு, பித்தப்பை உடையாமல் குடலை முழுசாக உருவி எடுத்தார். "இது உடைஞ்சா மீன் அம்புட்டும் கசந்து போவும்." ஈரலையும் தூரப் போட்டார். "தீவுக்காரங்க இதைத் தொட மாட்டாங்க."

அப்போது உள்ளே போன் அடித்தது. வீரலட்சுமி ஓடினாள். முன்வாசல் பக்கம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

செல்விதான். "அம்மே, கடையில பன்னெண்டு மணிக்கே விட்டாச்சு. நான் வாட்டர் மெட்ரோ போட்டுல ஏறப் போறேன். அத்தை வாறதுக்கு முன்னாடி வீட்டை ஒதுக்கணும்ல?"

"மெதுவா வா. அவசரமில்ல."

"என்னம்மே, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. புகை."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கொல்லையில் அவர் இல்லை. அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். உப்பு தேடி உள்ளே வந்தவர், அலமாரிக்குப் பக்கத்து ஸ்டூலில் பிரித்து வைத்திருந்த கல்யாணக் கார்டுக் கட்டைப் பார்த்திருக்கிறார். ஒரு கார்டு அவர் கையில் இருந்தது.

ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். செல்விக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவளோடு கடையில் வேலை பார்ப்பவர்களுக்காக மலையாளம். அவர் தமிழ்ப் பக்கத்தைப் பிடித்திருந்தார். ஈரக்கையின் பெருவிரல் பட்டு அட்டையில் ஓரிடம் ஊறியிருந்தது.

அமரர் சுப்புராஜ் – வீரலட்சுமி ஆகியோரின் மகள், சௌபாக்கியவதி இசக்கிசெல்வி.



"நான் போடச் சொல்லல," என்றாள் வீரலட்சுமி. "பொண்ணு பாக்க வந்தப்ப சம்பந்தியம்மா 'அப்பா எங்கம்மா?'ன்னு கேட்டாக. செல்வி 'அப்பா இல்லை'ன்னா. அவுக வேற மாதிரி எடுத்துக்கிட்டாக. பெறகு அவளே அச்சாபீசுல எழுதிக் கொடுத்துட்டா."

"நீ மறுக்கலையா?"

அவள் மறுக்கவில்லை. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காலையிலேயே தாலியைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டுத்தான் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். மகன் போனதிலிருந்தே பொட்டு வைப்பதில்லை. பார்க்கிறவர்கள் அவர்களாகவே ஒன்றை நினைத்துக்கொண்டார்கள்.

சுப்புராஜ் கார்டை இருந்த இடத்தில் வைத்தார்.

"நீ கேட்டது நடந்திருச்சு வீரா. அச்சுலயே வந்திருச்சு."

 கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வார்த்தையை இந்த எட்டு வருஷத்தில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. மகன் இசக்கிதுரைக்கு அப்போது பதின்மூன்று வயசு. ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தான். சாதாரணக் காய்ச்சல்தான் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு அப்பா வேலைக்குப் போனார். மறுநாளும் அப்படியே. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எலிக்காய்ச்சல் என்றார்கள். சனிக்கிழமை பிள்ளை இல்லை. பதினாறு முடிந்த அன்று, வந்த சொந்தமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, அடுப்படியில் வைத்து அவரைப் பார்த்து அவள் சொன்னாள்: "அவனுக்குப் பதிலா நீங்க போயிருக்கக் கூடாதா? இனி இந்த மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்?"

மறுநாள் விடிந்தபோது அவர் இல்லை.

இப்போது அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ உப்பு ஜாடியையும் காந்தாரி மிளகாயையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கினார். மஞ்சளும் உப்பும் சேர்த்து மீன் வயிற்றுக்குள் திணித்தார். சிரட்டைத் தீ அடங்கிக் கனலானதும் மீனைக் கம்பியின் மேல் வைத்தார்.

நீலமும் பச்சையும் கண் முன்னாலேயே சாம்பல் நிறமாக மங்கின. செதில்கள் ஓரத்தில் சுருண்டன.

வீரலட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது.

"செல்வி சீக்கிரம் வாரா. நீங்க இப்பவே கிளம்புங்க."

"இப்பத்தான் திருப்பிப் போட்டேன். இன்னும் பத்து நிமிஷம். பாதியில எடுத்தா முள்ளுப் பக்கம் பச்சையா நிக்கும்."

"மீன் போனாப் போகுது!"

"சரி. நான் போறேன். நீ பாத்துக்கோ. செதில் கருப்பானாப் பயப்படாத." எழுந்து கையைத் துடைத்தார்.

போங்க என்றுதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"கருகிட்டுன்னா எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே எடுத்து வச்சிட்டுப் போங்க."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மகள் வரும் சத்தத்துக்காகத் தானே காத்துக்கொண்டிருக்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பே பயமாக இருந்தது.

"அம்மே, என்ன புகை இது? சந்து முழுக்க மீன் மணக்குது!"

செல்வி பையைத் தோளிலிருந்து இறக்காமலே கொல்லைக்கு வந்தாள். குனிந்து கனலை விசிறிக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்தாள். அவர் திரும்பினார்.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயே போய்விட்டது.

"ஆரு இவரை உள்ள விட்டது?"

"செல்வி, மெதுவாப் பேசு. அக்கம்பக்கம்..."

"ஆரு விட்டதுன்னு கேட்டேன்."

"நான்தான்," என்றாள் வீரலட்சுமி.

"தம்பி போன பதினேழாம் நாள் நம்மளை விட்டுட்டு ஓடின ஆளும்மே இது. அன்னைக்கு எனக்குப் பதினாறு வயசு. ஒவ்வொரு கிட்டங்கியா உன் கூட வந்து வேலை கேட்டது நான். எட்டு வருஷமா ஒரு போன் இல்ல."

"ரெண்டு தடவை போட்டேன்," என்றார் சுப்புராஜ். "ரெண்டு தடவையும் நீதான் எடுத்தே. உன் குரலைக் கேட்டதும் வச்சிட்டேன்."

"நல்ல காரியம். இப்பவும் அதையே செய்யுங்க. இன்னும் பன்னெண்டு நாள்ல கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல நூறு கார்டு கொடுத்தாச்சு. அத்தைக்குப் பொய்னா ஆகாது. மூத்த மருமகனுக்குக் கண்ணுல கோளாறு இருக்குறதை மறைச்சாங்கன்னு நிச்சயத்தையே நிறுத்தப் பாத்தவங்க. அவங்க வரும்போது நீங்க இங்க இருந்தா என் வாழ்க்கை தீந்துது. மதி, போதும். போயிருங்க."

அவர் தலையை ஆட்டினார். கம்பியிலிருந்து மீனைத் தூக்கி வாழையிலையில் வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கொல்லைக் கதவின் தாழை நீக்கக் கை வைத்தார்.

"மதினி! மதினி இருக்கீகளா?"

குரல் முன்வாசலிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஆவுடையம்மாள் எந்த வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டு நுழைகிறவள் இல்லை. மாப்பிள்ளை மாரிச்செல்வத்தின் அம்மா. கோவில்பட்டிக்காரி, ஏலூர் வந்து முப்பது வருஷமாகிறது. ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன். கையில் ஜவுளிக் கடைப் பையோடு அடுப்படியைத் தாண்டிக் கொல்லைப் படியில் வந்து நின்றாள்.

"பக்கத்து வீட்டுக் கார் தோப்பும்படிக்குக் கிளம்புச்சு. தொத்திக்கிட்டேன். நாலு மணி வரைக்கும் வீட்டுல என்ன பண்ணன்னு... என்ன மணம்டி இது! ஏ செல்வி, இது யாரு?"

 கனலில் ஒரு சிரட்டைத் துண்டு வெடித்தது.

"பெரியப்பா," என்றாள் செல்வி. "அப்பாவோட அண்ணன். ஊர்ல இருந்து வந்திருக்காங்க."

வீரலட்சுமி மகளைப் பார்த்தாள். சுப்புராஜும் பார்த்தார். பிறகு அவர் மெதுவாகக் கைகூப்பினார்.

"வாங்கம்மா."

"அண்ணாச்சியா! நல்லதாப் போச்சு. பொண்ணு வீட்டுப் பக்கம் ஆம்பிளை ஆளே இல்லியேன்னு எனக்கு ஒரு விசாரம் இருந்துச்சு. என்ன மீன் சுட்டிருக்கீக? கரிக்கட்டை மாதிரில்லா இருக்கு?"

செல்வி ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.  அவர் மீனின் முதுகோரம் கத்தி முனையை விட்டு நெம்பினார். கருகிய செதிலும் தோலும் ஒரே பாளமாகக் கழன்று வந்தன. உள்ளே தும்பைப்பூ நிறத்தில் சதை. ஆவி பறந்தது.

ஆவுடையம்மாள் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"எம்மா! நண்டுச் சதை மாதிரி இருக்கு. மதினி, நீங்களும் உக்காருங்க. ஏ செல்வி, நீயும்தான்."

செல்வி தட்டை வாங்கினாள். தொடவில்லை. வீரலட்சுமி ஒரு துண்டை வாயில் வைத்தாள். ருசி தெரியவில்லை. 

"உங்க தம்பி எப்படித் தவறினாக அண்ணாச்சி?" ஆவுடையம்மாள் முள்ளை ஒதுக்கியபடி கேட்டாள். "மதினிகிட்டக் கேக்க மனசு வரல. அன்னைக்கும் கேக்கல."

சுப்புராஜ் மீனின் மறுபக்கத்துத் தோலை நெம்பிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மகன் போனான். அது தாங்காமப் போயிட்டான்."

"எத்தனை வருஷமாச்சு?"

"எட்டு."

"நல்ல மனுசனோ?"

"சொல்லத் தெரியலம்மா. வேலையில சுத்தம். வீட்டுல முக்கியமான நேரத்துல ஆளு பத்தாது."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடையம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான். போன பெறகு குறையெல்லாம் மறந்து போச்சு. சரி, அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது. முகூர்த்தத்துல பொண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க ஆரை நிறுத்தன்னு நானும் என் மகனும் ஒரு வாரமா யோசிச்சோம். நீங்க இருக்கும்போது வேற யாரு? தம்பி இடத்துல நீங்கதான் நிக்கணும்."

வீரலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.  

"நிப்பாங்க," என்றாள் செல்வி. அவசரமாக. "பெரியப்பா நிப்பாங்க அத்தை."

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் வீரலட்சுமியை உலுக்கிவிட்டது. வழி கிடைத்துவிட்டது என்று மகள் நினைக்கிறாள். பெற்றவர் பெரியப்பாவாக வந்து நின்று கொடுத்துவிட்டுப் போவார். வீரலட்சுமி கழுத்தில் ஒன்றுமில்லாமல் ஓரமாக நின்று பார்ப்பாள். நாளைக்குப் பேரன் பிறந்தாலும் அவர் பெரியப்பா. சாகிற வரைக்கும் பெரியப்பா. அவள் அன்றைக்குக் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு, இத்தனை பேரும் சேர்ந்து உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தட்டைக் கீழே வைத்தாள்.

"மதினி, இவர் என் வீட்டுக்காரர்."

"அம்மே!"

"செல்வியோட அப்பா. சுப்புராஜ். சாகல. உசிரோடதான் இருக்காக."

ஆவுடையம்மாளின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவளையும் அவரையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தாள். துண்டைத் தட்டிலேயே போட்டாள்.

"நான் கேட்டப்ப இந்தப் பிள்ளை 'அப்பா இல்லை'ன்னு சொல்லுச்சு. நீங்க பக்கத்துல நின்னீக."

"நின்னேன்."

"அமரர்னு அச்சடிச்ச கார்டை என் கையாலயே வீடு வீடாக் கொடுத்திருக்கேன் மதினி."

"தப்பு என்னோடதுதான். பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீக. அப்பன் விட்டுட்டு ஓடிட்டாருன்னு நினைச்சுத்தான் அவ அப்படிச் சொன்னா. அவராத்தான் ஓடிட்டாருன்னு நானும் அவளை நம்ப வச்சேன்." வீரலட்சுமி மகள் பக்கம் திரும்பினாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "அவரா ஓடல செல்வி. நான்தான் விரட்டினேன். தம்பிக்குப் பதிலா நீங்க செத்திருக்கக் கூடாதான்னு அவர் மூஞ்சிக்கு நேரே கேட்டேன்."

"பொய். இவரைக் காப்பாத்தச் சொல்லுத."

"இந்த அடுப்படியில வச்சுச் சொன்னேன். பதினாறு முடிஞ்ச அன்னைக்கு. நீ முன்னறையில தூங்கிட்டிருந்தே."

 ஆவுடையம்மாள் எழுந்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஜவுளிப் பையைக் கையில் எடுத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் நடந்தாள்.

போகிறாள் என்றே வீரலட்சுமி நினைத்தாள். பின்னால் ஓடிக் கையைப் பிடிக்கலாமா? பிடித்து என்ன சொல்வது? சொல்வதற்கு இருந்த நிசம் ஒன்றுதான். அதையும் சொல்லியாகிவிட்டது.

செல்வி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மை சொல்லுறது நிசமா?"

சுப்புராஜ் கத்தியை இலையில் வைத்தார்.

"சொன்னா. ஆனா அவ சொல்லாட்டியும் நான் போயிருப்பேன் மக்கா. காய்ச்சல்னு அவன் சொன்னப்ப, மாத்திரையைக் கொடுத்துட்டு வேலைக்குப் போனவன் நான். ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளை வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள என்னால நடமாட முடியல. அம்மை விரட்டினதுனாலதான் போனேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். அது சௌகரியமா இருந்துச்சு."

வீரலட்சுமி அவரைப் பார்த்தாள். எட்டு வருஷமாகத் தான் மட்டும் சுமக்கிறோம் என்று நினைத்திருந்த பாரத்தில் பாதியை அவர் எடுத்துத் தம் தோளில் வைத்துக்கொண்டார். அவளுக்குப் பாரம் இறங்கியதா, இல்லை இன்னொன்று கூடியதா என்று புரியவில்லை.

"பெறகு இப்ப எதுக்கு வந்தே?" என்றாள் செல்வி.

இவ்வளவு நேரம் 'இவர்' என்றும் 'நீங்க' என்றும் பேசியவள். சின்னப் பிள்ளையில் அப்பாவை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அது அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது. தெரிந்ததும் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சொல்ல வாயெடுத்தார்.

முன்வாசலிலிருந்து ஆவுடையம்மாளின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசுகிறாள். அவளால் மெதுவாகப் பேச முடியாது. மூன்று பேரும் அப்படியே நின்று கேட்டார்கள்.

"செல்வம், ஷிப்ட்டு கிடக்கட்டும். யாரையாவது மாத்திவிட்டுட்டு உடனே மட்டாஞ்சேரி வா... இல்லடா, ஒண்ணும் ஆகல. போன்ல சொல்ற விசயமில்ல... ம்ஹூம். நான் முடிவு சொல்ல மாட்டேன். கட்டிக்கப் போறது நீ. நீ வந்து கேளு."

செருப்புச் சத்தம் திரும்ப உள்ளே வந்தது. ஆவுடையம்மாள் கொல்லைப் படியில் நின்றாள். ஜவுளிப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. என்ன நினைக்கிறாள் என்று ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியவில்லை.

"ஒரு மணி நேரத்துல வந்திருவான்," என்றாள். "அவன்கிட்ட இதை நான் சொல்லப் போறதில்ல. மதினியும் சொல்ல வேண்டாம். செல்வி, நீதான் சொல்லணும். நடந்ததை நடந்தபடி."

பிறகு சுப்புராஜைப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் இந்த வீட்டை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. அண்ணாச்சி, நீங்களும்தான்."

சுப்புராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்தார். துவைக்கிற கல்லைத் துடைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.